கல்லூரி ஃபுட்பால் ஆள்சேர்ப்பு முதல் என்.எஃப்.எல். டிராஃப்ட் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் அமெரிக்க டிவியில் கோட்டும் சூட்டும் போட்ட பையன்கள் ஒவ்வொருவராக மேடையேறி, ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். அதுதான் டிராஃப்ட்: என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. புதிதாக இங்கே வந்த நம்மவர்கள் அதைப் பார்த்துவிட்டு "இது என்ன கூத்து?" என்று கேட்பார்கள். பிள்ளையைப் பள்ளி ஃபுட்பால் அணியில் சேர்த்துவிட்டவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். இரண்டு வகைக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17 வயதில் பையன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான், கல்லூரிகள் அவன் வீட்டு வாசலில் நிற்கின்றன. 22 வயதில் அணிதான் அவனைத் தேர்ந்தெடுக்கிறது, அவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடையில் பிடி கை மாறிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் விதிகள் பாதி தானாகவே புரியும்.

இது நம்ம ஊர் கால்பந்தா?

இல்லை. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, எறிவது, எதிராளியை இடித்துத் தள்ளுவது, இதுதான் இங்கே ஃபுட்பால். நம் கால்பந்துக்கு சாக்கர் என்று பெயர். பந்தை எறிபவர் க்வார்ட்டர்பேக். அணியின் தலையெழுத்து பெரும்பாலும் அவர் கையில்தான், அதனால் கீழே வரும் கதைகளில் பாதி அவர்களுடைய கதை.

பள்ளி முடித்த பையனை என்.எஃப்.எல். அணிகள் நேராக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. காரணம் கேட்டால் உடம்பு முதிர வேண்டும் என்பார்கள். 18 வயதுப் பையன், முன்வரிசையில் நின்று மோதும் 140 கிலோ லைன்மேன்களுக்கு நடுவே போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பேஸ்பாலில் தொழில்முறை அணிகள் சொந்தச் செலவில் இளைஞர் அணிகளை வைத்துப் பராமரிக்கின்றன. ஃபுட்பாலில் அந்த வேலையைக் கல்லூரிகளே செய்துவிடுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். என்.எஃப்.எல். ஸ்டேடியம் எதிலும் இத்தனை இல்லை. தங்கள் செலவில்லாமல், டிவியில் ஏற்கெனவே பேர் வாங்கிய ஆட்களாகத் தயாராகி வரும்போது விதியை மாற்ற எந்த அணி முதலாளி ஆசைப்படுவார்?

ஒருவர் எதிர்த்துப் பார்த்தார். ஒஹாயோ ஸ்டேட் கல்லூரி அணி தேசிய சாம்பியன் ஆகக் காரணமாக இருந்த மாரிஸ் கிளாரெட். 2004-இல் கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சில மாதங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். கிளாரெட்டை 2005 டிராஃப்டில் டென்வர் அணி மூன்றாம் சுற்றில் எடுத்தது, ஆனால் அவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

கல்லூரிகள் பையன்களை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

வீடியோ. ஒவ்வொரு பள்ளி ஆட்டமும் படம் பிடிக்கப்படுகிறது. பையனே தன் நல்ல ஆட்டங்களை வெட்டி ஒட்டி ஹடுல் என்ற தளத்தில் போடுகிறான். கல்லூரியின் உதவி கோச்சுகள் ஆளுக்கொரு வட்டாரத்தைப் பிரித்துக்கொண்டு அதையெல்லாம் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் பள்ளிக் கோச்சுக்குப் போன். அப்புறம் கோடைக்கால முகாமில் நேரில் பார்ப்பது, உயரம் எடை அளப்பது, ஓடவிட்டு நேரம் குறிப்பது.

எப்போது பேசலாம், எப்போது நேரில் சந்திக்கலாம், எந்த வாரங்களில் வாயே திறக்கக் கூடாது என்பதற்கெல்லாம் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு நாட்காட்டியே வைத்திருக்கிறது. பொதுவாக 11-ஆம் வகுப்பு செப்டம்பர் 1 முதல் கோச்சுகள் நேரடியாகச் செய்தி அனுப்பலாம். அன்று நள்ளிரவு தாண்டியதும் பேர் போன பையன்களின் போன் ஓயாது.

அடுத்து அழைப்புப் பயணம். கல்லூரி தன் செலவில் பையனையும் பெற்றோரையும் இரண்டு நாள் அழைத்துப் போகும். நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு, அணியின் ஜெர்சியைப் போட்டு விளக்கு வெளிச்சத்தில் போட்டோ, தலைமைக் கோச் அறையில் தனிப் பேச்சு. பிறகு கோச்சே வீடு தேடி வருவார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் மனிதர் ஒரு சின்ன ஊர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பாட்டி செய்ததை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நல்ல கோச்சுக்கு வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது அம்மா.

ஐந்து நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்கிறார்களே, அதை நம்பலாமா?

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்றவை பள்ளிப் பையன்களுக்குப் போடும் மதிப்பெண் அது. ஐந்து நட்சத்திரம் வருடத்துக்குச் சுமார் முப்பது பேருக்குத்தான். மொத்தமாகப் பார்த்தால் கணக்கு தப்பில்லை. ஐந்து நட்சத்திரக்காரன் டிராஃப்டில் எடுக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் ஐந்து நட்சத்திரக்காரர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தானே? டிராஃப்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் மூன்று நட்சத்திரக் கூட்டம்தான் பெரிது.

தனி ஆளை எடுத்துக்கொண்டால் கதை வேறு. ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்துப் பையன். பள்ளி முடிக்கும்போது ஒரு பெரிய கல்லூரிகூட அவரைக் கூப்பிடவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்து ஆடிவிட்டு, நாடு முழுக்கக் கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் இடம் கொடுத்தது வயோமிங். 2018-இல் பஃபலோ அணி அவரை ஏழாவது ஆளாக எடுத்தது. 2024 சீசனின் மிகச் சிறந்த வீரர் அவர்தான்.

கேம் வார்டு கதையும் கிட்டத்தட்ட அதே. டெக்சாஸில் அவர் படித்த பள்ளி பந்தை எறியவே எறியாமல் ஓடி ஆடும் பள்ளி. எறிவதைப் பார்த்தால்தானே நட்சத்திரம் கொடுப்பார்கள்? ஒரு நட்சத்திரமும் இல்லாமல் சான் அன்டோனியோவின் இன்கார்னேட் வேர்டு என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி. 2025 டிராஃப்டில் முதல் ஆள் அவர்தான்.

கோச் "ஆஃபர்" கொடுத்துவிட்டால் சீட் உறுதியா?

உறுதியில்லை. வாயால் சொன்ன ஆஃபர் கல்லூரியைக் கட்டாது, வாயால் சொன்ன சம்மதம் பையனையும் கட்டாது. ஒரே இடத்துக்கு மூன்று பேரிடம் ஆஃபர் சொல்லி வைத்திருப்பார்கள், முதலில் சரி சொன்னவனுக்கு இடம். "உனக்கு ஆஃபர் இருக்கிறது" என்பதும் "இன்றைக்கே சரி சொன்னால் எடுத்துக்கொள்வோம்" என்பதும் ஒன்றல்ல. பெற்றோர் நேருக்கு நேர் கேட்க வேண்டிய கேள்வி இது.

பையன்களும் சளைத்தவர்கள் இல்லை. டிராவிஸ் ஹன்டர் என்ற நாட்டின் முதல்நிலைப் பள்ளி வீரர் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாகச் சொல்லி வைத்திருந்தார். 2021 டிசம்பரில், கையெழுத்து நாளன்றே, ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினத்தவர் கல்லூரிக்கு மாறிவிட்டார். பிறகு தன் கோச்சோடு கொலராடோ போய், 2024-இல் கல்லூரி ஃபுட்பாலின் உயர்ந்த விருதான ஹைஸ்மன் வாங்கினார்.

கையெழுத்து நாள் என்றால்?

பையன் கல்லூரியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள். இப்போது முக்கியமான நாள் டிசம்பரின் முதல் புதன்கிழமை. முன்பெல்லாம் பிப்ரவரி. பள்ளி ஜிம்மில் ஒரு மேசை போட்டு, அதன் மேல் மூன்று நான்கு கல்லூரித் தொப்பிகளை வைத்து, கேமரா முன்னால் பையன் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். மற்ற கல்லூரிகளின் கோச்சுகளில் சிலருக்கே அந்த நொடியில்தான் விஷயம் தெரியும்.

2013-இல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த அலெக்ஸ் காலின்ஸ் என்ற பையன் ஆர்கன்ஸா போகிறேன் என்றார். வயது காரணமாகப் பெற்றோர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். மகன் அவ்வளவு தூரம் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் அப்பா கையெழுத்துப் போட்டு விஷயம் முடிந்தது. நாடே சிரித்தது, ஆனால் அந்த அம்மாவின் கவலை நம் வீடுகளுக்குப் புதிதில்லை.

கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

2021 ஜூலை வரை உதவித்தொகை, சாப்பாடு, தங்குமிடம், இவ்வளவுதான். அதற்கு மேல் மேசைக்கு அடியில் போனது வேறு கணக்கு. அதில் மாட்டிக்கொண்ட சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு 1987 சீசன் முழுக்க ஆடவே தடை விதித்தார்கள். அந்த அணி பழைய நிலைக்குத் திரும்பப் பல வருடம் பிடித்தது.

2021-இல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. என்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான். விளம்பரம் என்பது பேருக்குத்தான். பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் கூட்டாகப் பணம் திரட்டி ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கின் சமரசத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அதன்படி கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2.05 கோடி டாலர். கூடவே 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. இதனால் அடிபட்டவர்கள், உதவித்தொகை இல்லாமல் ஆசைக்காக அணியில் இருந்த பையன்கள். முன்பு பெரிய அணிகளில் 120 பேர் வரை இருப்பார்கள்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் பற்றி ஏன் எல்லாரும் புலம்புகிறார்கள்?

கல்லூரி மாற விரும்பும் வீரர் தன் பெயரைப் போட்டுவைக்கும் பட்டியல் அது, 2018 அக்டோபரில் வந்தது. முன்பு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு தடவை மாறலாம் என்றார்கள், 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2026-இலிருந்து ஜனவரியில் இரண்டு வாரம் மட்டும் கதவு திறந்திருக்கும்.

கோச்சுகள் புலம்புவதில் அர்த்தம் உண்டு, போன வருடம் வளர்த்த பையன் இந்த வருடம் எதிரணியில் நிற்பான். ஆனால் கோச்சுகள் மட்டும் கூடுதல் சம்பளம் கிடைத்தால் நடு சீசனில் ஊர் மாறுவதில்லையா? பையன்களுக்கு அந்த உரிமை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் பெஞ்சிலேயே காத்திருந்துவிட்டு எல்.எஸ்.யு. என்ற லூயிசியானா கல்லூரிக்கு மாறினார். 2019-இல் ஹைஸ்மன், 2020 டிராஃப்டில் முதல் இடம்.

நான்காவது வருடமும் இருப்பதா, மூன்றிலேயே கிளம்புவதா? யார் முடிவு செய்வது?

பையன்தான். ஜனவரி நடுவாக்கில் அறிவித்துவிட வேண்டும். முன்கூட்டியே கிளம்ப நினைப்பவர்களுக்கு என்.எஃப்.எல். அமைத்த ஆலோசனைக் குழு ஒரு கணிப்புச் சொல்லும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அல்லது கல்லூரியிலேயே இரு. மூன்றாவது பதில் வந்தும் கிளம்புபவர்கள் உண்டு. 2021-இல் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் முன்கூட்டியே கிளம்பினார்கள், 2024-இல் ஏறக்குறைய அதில் பாதி. ஐந்தாம் சுற்றில் போய்ச் சேருவதைவிடக் கல்லூரியிலேயே இன்னும் ஒரு வருடம் இருந்தால் அதிகப் பணம் என்ற நிலை பலருக்கு வந்துவிட்டது.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

நேர் எதிர். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு ஆள். டிராஃப்டில் விலையே கேட்பதில்லை. 32 அணிகள் வரிசையாக நிற்கும், போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், சாம்பியன் அணி கடைசியில். ஏழு சுற்று, மூன்று நாள், மொத்தம் சுமார் 257 பேர். எடுத்த அணியோடு மட்டுமே அந்த வீரர் ஒப்பந்தம் பேச முடியும்.

பெர்ட் பெல் என்பவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியை வைத்துக்கொண்டு நொந்துபோயிருந்தார். நல்ல வீரர்கள் எல்லாரும் பணமும் பேரும் உள்ள ஓரிரு அணிகளுக்கே போனார்கள். எல்லாருக்கும் பொதுவான வரிசை வேண்டும் என்று அவர் கேட்க, மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒன்றில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதலில் எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர், முதல் ஹைஸ்மன் விருதுக்காரர். எடுத்தது பெல்லின் ஈகிள்ஸ்தான். பெர்வாங்கர் கடைசிவரை என்.எஃப்.எல்.-இல் ஆடவே இல்லை, நுரை ரப்பர் விற்கப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அதில் வருமானம் அதிகம்.

கம்பைனில் அப்படி என்ன பார்க்கிறார்கள்?

பிப்ரவரி கடைசியில், 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில், முந்நூறு சொச்சம் பேரை வரவழைத்து நடத்தும் சோதனை அது. டிவியில் பார்ப்பது 40 கெஜ ஓட்டம். 2024-இல் சேவியர் வொர்த்தி 4.21 வினாடியில் ஓடியதுதான் இதுவரை வேகமானது. 102 கிலோ எடையை எத்தனை தடவை தூக்குகிறார், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தாண்டுகிறார், எல்லாம் கணக்கு. க்வார்ட்டர்பேக்கின் உள்ளங்கையை விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை அளப்பார்கள். பர்ரோவுக்கு 9 அங்குலம், சின்னக் கை என்று பேச்சு எழுந்தது. இந்தச் சின்னக் கையில் பந்து நிற்காதாம், ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே நக்கலாக ட்வீட் போட்டார்.

அணிகளுக்கு உண்மையில் வேண்டியது டிவியில் வராத இரண்டு விஷயங்கள். ஒன்று மருத்துவப் பரிசோதனை. முழங்காலை டாக்டர்கள் மாற்றி மாற்றி முறுக்கிப் பார்ப்பார்கள். இந்த முகாமே அதற்காகத்தான் தொடங்கியது. இரண்டாவது, மூடிய அறையில் நேர்காணல். உன் பழைய ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு, "இங்கே என்ன நினைத்தாய்?" என்று கேட்பார்கள்.

இதற்கு முன்பே, ஆகஸ்டிலிருந்து அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் கல்லூரி கல்லூரியாகப் போய் வந்திருப்பார்கள். கோச் தன் பையனை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் காயத்துக்குக் கட்டுப் போடுபவர், துணி துவைத்து ஹெல்மெட் அடுக்குபவர், பாடம் சொல்லித் தருபவர் ஆகியோரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, எந்த வீரர் எந்த அணிக்குப் பொருந்துவார் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

இருப்பவர்களிலேயே சிறந்தவரை எடுப்பதா, நம்மிடம் ஓட்டை இருக்கும் இடத்துக்கு ஆள் எடுப்பதா என்ற சண்டை ஒவ்வொரு அணி அறையிலும் வருடாவருடம் நடக்கும். எல்லா மேலாளர்களும் முதலாவதைத்தான் செய்வதாகச் சொல்வார்கள். செய்வது பெரும்பாலும் இரண்டாவதை. அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கும். குறுக்கே ஆட்ட இடங்கள், மேலிருந்து கீழே மதிப்பு, ஒவ்வொரு வீரருக்கும் ஒரு காந்த அட்டை. மற்ற அணி ஒருவரை எடுத்ததும் அட்டையைக் கழற்றிவிடுவார்கள். நம் முறை வரும்போது மேலே மிச்சம் இருப்பவர் யார் என்பது அங்கே தெரியும்.

அட்டையில் எழுத முடியாத விஷயம் ஒன்று உண்டு. ஆளின் திறமை பாதி, அவர் போய்ச் சேரும் இடம் மீதி. எனக்குப் பிடித்த உதாரணம் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ். 2021-இல் ட்ரே லான்ஸ் என்ற க்வார்ட்டர்பேக்குக்காக அந்த அணி மூன்று முதல் சுற்று இடங்களையும் (அந்தச் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகளை) ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் மயாமி அணிக்குக் கொடுத்து மூன்றாவது இடத்தை வாங்கியது. லான்ஸ் முந்தைய வருடம் கல்லூரியில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். கை பலம், கால் வேகம் எல்லாம் இருந்தது, ஆட்ட அனுபவம்தான் இல்லை. அடுத்த வருடம் அதே அணி டிராஃப்டின் கடைசி இடத்தில், 262-ஆவது ஆளாக, அயோவா ஸ்டேட்டின் ப்ராக் பர்டியை எடுத்தது. கடைசியாக வருபவருக்கு "மிஸ்டர் இர்ரெலவன்ட்" என்று கேலிப் பட்டம் வேறு கொடுப்பார்கள்.

2022 சீசன் ஆரம்பத்தில் லான்ஸின் கணுக்கால் உடைந்தது. டிசம்பரில் மாற்று க்வார்ட்டர்பேக்கின் பாதமும் உடைந்தது. வேறு வழியில்லாமல் பர்டி உள்ளே வந்தார். பர்டிக்குப் பெரிய உயரமோ, அசுரக் கை பலமோ இல்லை. ஆனால் கல்லூரியில் நான்கு வருடம் விடாமல் ஆடியவர். கோச் கைல் ஷானஹனின் ஆட்டமுறைக்கு வேண்டியது, சரியான நொடியில் சரியான இடத்தில் பந்தை விடும் ஆள். பக்கத்தில் நல்ல வீரர்களும் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் பர்டி சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஆடினார், அதற்கு முன்பே லான்ஸ் ஒரு நான்காம் சுற்று இடத்துக்கு டாலஸ் போயிருந்தார். பர்டி 2025-இல் ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

லான்ஸ் வேறு இடத்துக்குப் போய், இரண்டு வருடம் பொறுமையாக உட்கார்ந்து கற்றிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? யாருக்கும் தெரியாது. ஆனால் பேட்ரிக் மஹோம்ஸுக்கு அந்தப் பொறுமை கிடைத்தது. 2017-இல் கன்சஸ் சிட்டி 27-இலிருந்து 10-ஆவது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. ஏற்கெனவே நல்ல க்வார்ட்டர்பேக் இருந்ததால் முதல் வருடம் கிட்டத்தட்ட முழுக்க ஓரமாக நின்று கற்றார். அதே டிராஃப்டில் மொத்த வரிசையில் இரண்டாவது ஆளாக எடுத்த க்வார்ட்டர்பேக்கைச் சிகாகோ முதல் வருடமே களத்தில் இறக்கியது. மஹோம்ஸ் பெரிய நட்சத்திரம் ஆனார், சிகாகோக்காரர் ஆகவில்லை.

இடங்களை அணிகள் விற்றுக்கொள்ளலாமா?

காசுக்கு விற்க முடியாது, மாற்றிக்கொள்ளலாம். 1990-களின் ஆரம்பத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணி ஒரு புள்ளி அட்டவணை தயாரித்தது. முதல் இடம் 3000 புள்ளி, இரண்டாவது 2600, 32-ஆவது 590. இன்றும் பேரம் பேசும்போது அந்தக் கணக்கு அடிபடும். ஆனால் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் ஆராய்ந்துவிட்டு, மேல் இடங்களுக்கு அணிகள் தேவைக்கு மேல் கொட்டிக் கொடுக்கின்றன என்றார்கள். கீழே இறங்கி இரண்டு மூன்று இடங்கள் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். என்ன செய்வது, ரசிகர்கள் கைதட்டுவது மேலே ஏறுபவருக்குத்தான்.

நேரக் கணக்கும் கறார். 2003-இல் மினசோட்டா அணி ஏழாவது இடத்தில் பேரம் பேசிக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டது. பின்னால் நின்ற இரண்டு அணிகள் முந்திக்கொண்டு ஆள் எடுத்துவிட்டன. மினசோட்டாவுக்கு ஒன்பதாவதாகக் கிடைத்த கெவின் வில்லியம்ஸ் பிற்பாடு பெரிய ஆட்டக்காரர் ஆனார், அது அவர்கள் அதிர்ஷ்டம்.

வீரருக்கு அணி பிடிக்கவில்லை என்றால்?

பேருக்கு வழியில்லை. ஆனால் அடம் பிடித்து ஜெயித்தவர்கள் உண்டு. 1983-இல் ஜான் எல்வே பேஸ்பால் ஆடப் போய்விடுவேன் என்று மிரட்டி பால்டிமோரிலிருந்து தப்பி டென்வர் போனார். 2004-இல் ஈலை மேனிங் சான் டியேகோ வேண்டாம் என்றார், அன்றே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லாரையும் மிஞ்சியவர் போ ஜாக்சன். ஆபர்ன் கல்லூரியில் ஃபுட்பால், பேஸ்பால் இரண்டும் ஆடியவர். 1986 டிராஃப்டுக்கு முன்னால் டாம்பா பே அணி அவரைத் தனி விமானத்தில் அழைத்துப் போனது, விதிப்படி எல்லாம் சரிதான் என்றும் சொன்னது. சரியில்லை. கல்லூரி பேஸ்பால் ஆடும் தகுதி போனது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நம்பிய ஜாக்சன், என்னை எடுத்தால் உங்கள் இடம் வீண் என்று நேராகச் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை, முதல் ஆளாக எடுத்தார்கள். அவர் கன்சஸ் சிட்டிக்கு பேஸ்பால் ஆடப் போனார். அடுத்த வருடம் ஏழாம் சுற்றில் ரெய்டர்ஸ் எடுத்துக்கொண்டது.

இப்படி அடம் பிடிக்கக் கையில் மாற்று வழி வேண்டும். சாதாரண வீரருக்கு அது கிடையாது.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதே சம்பளத்தைத் தீர்மானித்துவிடும். நான்கு வருட ஒப்பந்தம். முதல் சுற்றுக்காரர்களை ஐந்தாம் வருடமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. 2010-இல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் பேசினார். ஒரு பந்துகூட எறியாதவருக்கு இவ்வளவா என்று பழைய வீரர்களே கொதித்தார்கள். மறு வருடம் வந்த புது விதியில் கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்கு வருடத்துக்குச் சுமார் 2.2 கோடி.

யாருமே எடுக்கவில்லை என்றால் கதை முடிந்ததா?

பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். டிராஃப்டுக்குத் தகுதியான கல்லூரி வீரர்களில் எடுக்கப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலை கடைசிப் பெயரை வாசித்த கையோடு அணிகளும் ஏஜென்ட்டுகளும் போனில் பாய்வார்கள். எடுக்கப்படாதவர்களை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஏழாம் சுற்றில் எடுக்கப்படுவதைவிட இது மேல் என்று பல ஏஜென்ட்டுகள் சொல்வார்கள், எனக்கும் அதில் உடன்பாடு. பையனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறுபடி கிடைக்கிறது. எந்த அணியில் தன் இடத்துக்குப் போட்டி குறைவு என்று பார்த்துப் போகலாம். அணியின் பயிற்சி முகாமில் 90 பேர், கடைசியில் நிற்பது 53 பேர், அது போகப் பயிற்சி அணியில் 16 பேர்.

கர்ட் வார்னரை 1994-இல் யாரும் எடுக்கவில்லை. கிரீன் பே முகாமிலிருந்தும் வெளியே அனுப்பினார்கள். அயோவாவில் மளிகைக் கடையில் இரவு வேலை, அலமாரியில் சாமான் அடுக்குவது. அப்புறம் உள்ளரங்க ஃபுட்பால், ஐரோப்பா லீக், பிறகு செயின்ட் லூயிஸ் அணியில் மாற்று ஆள். 1999-இல் முதல் க்வார்ட்டர்பேக் காயப்பட, வார்னர் உள்ளே வந்து அந்த சீசனிலேயே சூப்பர் பௌல் ஜெயித்தார்.

யார் எங்கே போவார் என்று முன்கூட்டியே போடும் பட்டியல்களை நம்பலாமா?

பொழுதுபோக்குக்குப் படிக்கலாம். 2025-இல் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றில் போவார் என்று பலர் எழுதினார்கள். அவர் ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாக கிளீவ்லாந்துக்குப் போனார். அந்த அணி அதற்கு முன்பே மூன்றாம் சுற்றில் வேறொரு க்வார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது. டாம் பிரேடியை 2000-இல் 199-ஆவதாக எடுத்தார்கள், அவருக்கு முன்னால் ஆறு க்வார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். அணிகளே இப்படித் தடுமாறும்போது பட்டியல் போடுபவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தியர்கள் யாராவது இதில் உண்டா?

களத்தில் ரொம்பக் குறைவு. இந்தியத் தந்தைக்குப் பிறந்த பிராண்டன் சில்லர், யு.சி.எல்.ஏ.-வில் ஆடி 2004-இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டார். திரைக்குப் பின்னால் முக்கியமான ஒருவர் இருந்தார். 1960-களில் டாலஸ் கவ்பாய்ஸ் கம்ப்யூட்டரை வைத்து வீரர்களை எடைபோட நினைத்தபோது அந்தக் கணக்கு முறையை அமைத்துக் கொடுத்தவர் இந்தியாவிலிருந்து வந்த புள்ளியியலாளர் சலாம் குரேஷி. அமெரிக்கன் ஃபுட்பால் அவருக்குப் புதிது. ஸ்கவுட்டுகள் வாய்க்கு வந்தபடி எழுதிய வர்ணனைகளை எண்களாக்க வைத்தார். இன்று எல்லா அணிகளும் வைத்திருக்கும் புள்ளிவிவரப் பிரிவுகளுக்கு அது முன்னோடி.

என் பையன் பள்ளியில் ஆடுகிறான். கல்லூரியில் ஆட ஆசைப்படுகிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் படிப்பு. என்.சி.ஏ.ஏ.-வின் முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட, அந்த அமைப்பு அங்கீகரித்த 16 பாடங்களை முடித்து அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரி வேண்டும். அதில் 10 பாடங்கள் 12-ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி வருடம் விழித்துக்கொண்டால் சரிசெய்ய முடியாமல் போய்விடும். 9-ஆம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் பாடப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

வீடியோவில் முதல் அரை நிமிடத்துக்குள் நல்லதைப் போடுங்கள், பாட்டெல்லாம் வேண்டாம். எந்த இடத்தில் நிற்பவன் உங்கள் பிள்ளை என்று அம்புக்குறி போடுங்கள். வட்டாரக் கல்லூரிகளின் உதவி கோச்சுகளுக்குப் பையனே எழுதட்டும், அப்பா எழுதிய கடிதம் பார்த்ததுமே தெரிந்துவிடும். பெரிய பெயர்களை மட்டும் துரத்த வேண்டாம். ஹார்வர்ட் போன்ற பழைய கல்லூரிகள் இருக்கும் ஐவி லீக்கிலும் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஆனால் கோச் வேண்டும் என்று சொன்ன பையனுக்கு அனுமதி கிடைப்பது எளிதாகலாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. "எங்களிடம் ஆயிரக்கணக்கில் கட்டினால் கல்லூரிகள் கண்ணில் படவைப்போம்" என்று வரும் ஏஜென்சிகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: போன வருடம் எந்தக் கோச் உங்களிடமிருந்து யாரை எடுத்தார்? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பணத்தை முகாம்களுக்குப் போய்வரும் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.